காமராஜ் நகருக்கு ஒரு மைதானம், ஒரு பஸ் நிறுத்தம்



காட்கோபர்த் தமிழ் உறவுகளே, பூங்காவைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும் என்னைப் பேசச் சொன்னார்கள். அரசாங்கத்தில் இவை இரண்டும் வேறு வேறு இலாகா. நம் வீட்டுக்கோ இரண்டும் ஒன்றுதான். வேலைக்குப் போய்வருவதிலேயே பொழுது கரைந்துவிட்டால், வாசலிலேயே பூங்கா இருந்தும் அதில் உட்கார யாருக்கு நேரம்?

2014 ஜூன் 8-ஆம் தேதி நம் மும்பைக்கு மெட்ரோ வந்தது. வெர்சோவாவிலிருந்து காட்கோபர் வரை 11.4 கிலோமீட்டர், 12 நிலையங்கள். சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தடித்த பயணம் 21 நிமிடத்தில் முடிகிறது. அந்தேரியில் வேலை பார்த்துவிட்டு வரும் நம் பெண்களுக்கு, பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கும் நேரம் அன்றுதான் கிடைத்தது.

ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு காட்கோபர் நிலையத்தின் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். மேலே ஏ.சி. காற்று. கீழே கால் வைக்க இடமில்லை. ஆட்டோ வரிசை, பூக்கூடை, சைக்கிளில் இட்லி விற்கும் நம் தம்பி, இவர்களுக்கு நடுவே டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அம்மா சாலையிலேயே நடக்கிறார். கோடிக்கணக்கில் செலவழித்து ரயில் விட்டவர்கள், இறங்கியவர் வீடு போய்ச் சேர நிழலுள்ள ஒரு நடைபாதை போடவில்லை. மாநகரின் பெஸ்ட் பஸ்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. 2025 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாய் ஆனது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அந்த ஐந்து ரூபாய் சிறிதல்ல.

இனி பூங்காவுக்கு வருகிறேன். இந்த மும்பையில் திறந்தவெளியைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சதுர மீட்டர்தான் வரும். ஒரு பாய் விரிக்கக்கூடப் போதாது! இடமே இல்லை என்பார்கள். தாராவிக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். அங்கே மித்தி ஆற்றோரம் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய ஒரு மேடு இருந்தது. 1980-களில் அதன்மேல் மண் போட்டு மரம் நட்டார்கள். பறவை அறிஞர் சாலிம் அலியும் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 37 ஏக்கர்! இன்று பள்ளிப் பிள்ளைகள் அங்கே வண்ணத்துப்பூச்சியைத் துரத்துகிறார்கள். குப்பைமேட்டில் காடு வளர்த்த ஊருக்கு இடம் ஒரு தடையா?

நம் கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்கு வருகிறேன். மாசி, பங்குனியில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் அந்த மரங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிழக்கு ஃப்ரீவேயை நீட்டி, சேடா நகரிலிருந்து தாணே வரை உயர்மட்டச் சாலை என்றதும் அவற்றுக்கு ஆபத்து வந்தது. மக்கள் குரல் எழுப்பினார்கள். 2025-இல் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. தூண்களின் வடிவத்தை மாற்றி, 127 மரங்களைக் காப்பதாக அறிவித்தது. கேட்டால் கிடைக்கிறது, உறவுகளே!

அந்தச் சாலை போகும் வழியில்தான் நம் காமராஜ் நகர் இருக்கிறது. அங்கும் பக்கத்து ரமாபாய் அம்பேத்கர் நகரிலுமாகப் பல்லாயிரம் குடிசைகள் அடுக்குமாடியாக மாறப்போகின்றன. அந்த உயர்மட்டச் சாலையால் அவர்களுக்கு என்ன பயன்? கிழக்கு ஃப்ரீவேயில் இன்று பைக்குக்கே அனுமதி இல்லை. அதன் நீட்சி மட்டும் காமராஜ் நகர்க்காரரை ஏற்றிச் செல்லுமா? அவர் போவது பஸ்ஸிலும் லோக்கலிலும் தன் காலிலும். அடுக்குமாடிக்கு வருவோம். குடிசையில் இருந்தபோதாவது வாசல் இருந்தது. பாட்டிமார் வெற்றிலை மடித்துப் பேச, பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆட, பக்கத்து மராத்தி அக்காவிடம் கடன் வாங்கிய சர்க்கரையைத் திருப்பித் தர ஒரு சந்து இருந்தது. இருபது மாடி ஏறியபின் அந்தப் பாட்டி யாரோடு பேசுவார்? லிப்ட் கதவோடா?

அதனால் நம் கோரிக்கை இதுதான். கட்டடங்களுக்கு நடுவே பூட்டில்லாத ஒரு மைதானம் வேண்டும். கட்டி முடித்து மிஞ்சும் மூலையில் அல்ல, வரைபடத்திலேயே முதலில் குறித்த இடத்தில். அதன் வாசலிலேயே பெஸ்ட் நிறுத்தம் வேண்டும். அங்கிருந்து ரயில் நிலையம் வரை சக்கர நாற்காலியும் போகக்கூடிய, மர நிழல் விழும் நடைபாதை வேண்டும். இந்த மூன்றையும் மராத்தியிலும் தமிழிலும் எழுதிய மனு மேடைக்கு வலப்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வார்டு அலுவலகத்தில் கொடுக்கப் போகும்போது எங்களோடு வாருங்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரரையும் குஜராத்திக்காரரையும் அழைத்து வாருங்கள்.