புள்ளி இலையிலா, கமராவிலா?



பயிரில் நோய்க்குறி கண்டவுடன் இலையைப் பறித்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரைத் தேடி வருவோர் இன்று குறைவு. கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வட்ஸ்அப் மூலம் அனுப்பிவிடுகின்றீர்கள். இது நல்ல வழக்கமே. ஆயினும், கமராவுக்குள் தூசு புகுந்திருக்குமாயின் அப்படம் உங்களையும் என்னையும் ஒருங்கே ஏமாற்றிவிடும்.

கடந்த பெரும்போகத்தில், மகன் வயலிற் பிடித்து அனுப்பிய மூன்று நெல்லிலைப் படங்களை வீட்டிலிருந்து பார்த்த ஒருவர், எரிபந்தம் என அஞ்சி மருந்து வாங்கப் புறப்பட்டுவிட்டார். அப்படங்கள் எனக்கும் வந்தன. இலைகள் வெவ்வேறாக இருந்தும், கரும்புள்ளி மட்டும் மூன்று படங்களிலும் வலது மேல்மூலையில் ஒரே இடத்தில் இருந்தது. வயலுக்குச் சென்று பார்த்தபோது அவ்விலைகளில் நோய் இல்லை. மருந்துச் செலவு மிஞ்சியது. இதற்கு மாறாக, மெய்யான புள்ளியைத் தூசு என்று தள்ளிவிட்டால் விளைச்சலே பாதிக்கப்படலாம். ஆகவே பின்வரும் சோதனைகளை ஒழுங்காகச் செய்வீர்களாக.

முதலாவதாக, கமராவின் வெளிக்கண்ணாடியைக் கவனியுங்கள். கையெண்ணெயும் மருந்துத் தூவலும் படிந்தால் படம் பால்போல் மங்கும். மணல் ஒட்டியிருக்கத் துடைத்தால் கீறல் விழும். எனவே மென்மையான தூரிகையால் மணலை அகற்றியபின், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் மெதுவாகத் துடையுங்கள். மங்கல் நீங்கினால் குறை வெளியிலேயே இருந்தது.

இரண்டாவதாக, நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் படம்பிடியுங்கள். தாளை அசைக்காது, தொலைபேசியைச் சற்று நகர்த்தி மீண்டும் பிடியுங்கள். புள்ளி தாளின் அதே இடத்தில் நின்றால் அது தாளின் அழுக்கு. படத்தின் அதே மூலையில் நின்றால் அது கமராவின் தூசு. இதுவே தலையாய சோதனை.

மூன்றாவதாக, அப்படத்தை வேறொரு தொலைபேசியிற் பாருங்கள். அதிற் புள்ளி இல்லையாயின், குறை உங்கள் தொலைபேசியின் திரையிலாகும்.

நான்காவதாக, முன்பக்கக் கமராவாலும், பின்பக்கத்தில் வேறு கமரா இருப்பின் அதனாலும் படம்பிடியுங்கள். எதனாற் பிடித்த படத்தில் மட்டும் புள்ளி தோன்றுகின்றதோ, அக்கமராவிலேயே தூசு உண்டு.

உள்ளே தூசு எவ்விடத்தில் உள்ளது என்பதையும் ஓரளவு அறியலாம். வெண்பரப்பில் மங்கிய கரும்புள்ளி தெரிந்தால், ஒளியை ஏற்றுப் படமாக்கும் சில்லின் அருகில் தூசு இருத்தல் கூடும். புள்ளியின்றி, விளக்கைச் சுற்றி ஒளி பரந்து தெரிந்தால், தூசு கண்ணாடியிலோ வில்லையிலோ இருக்கலாம். டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சினால் கண்ணாடியின் கீழ் உள்ள தூசு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

இரவிற் சூடடிக்கும் களத்தில் பிளாஷ் போட்டுப் பிடித்த படங்களில் வெண்ணிற உருண்டைகள் தோன்றுவதுண்டு. அவை படத்துக்குப் படம் இடம் மாறினால், காற்றிற் பறக்கும் தூசு வெளிச்சத்தில் மின்னுவதேயன்றிக் கமராவின் குறை அன்று.

உள்ளே தூசு உண்டென்று கண்டால் ஊசியால் நெம்பாதீர்கள். சயிக்கிள் பம்பினாற் காற்றடிக்காதீர்கள். தூசு மேலும் உள்ளே செல்லும். நனைந்த தொலைபேசியை அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். அரிசித் தூள் உள்ளே நுழையும். ‘ஐ.பி. 68’ என்னும் குறியீட்டில் 6 என்பது தூசு புகாத தன்மையைக் குறிக்கும். ஆயினும் விழுந்து அடிபட்ட, அல்லது ஒருமுறை திறக்கப்பட்ட தொலைபேசியில் அக்காப்புக் குறைந்திருக்கலாம். தகுந்த திருத்துநரிடமே கொடுங்கள்.

அதுவரை அத்தொலைபேசியின் வேறு கமராவைப் பயன்படுத்துங்கள். வயல் முழுவதையும், ஒரு பயிரையும், ஓர் இலையின் இரு பக்கங்களையும் தனித்தனியே பிடித்து அனுப்புங்கள். எரிபந்தத்தின் புள்ளி இரு முனையுங் கூர்ந்து, கண்போன்ற வடிவில், நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமுங் கொண்டிருக்கும். அதனை உறுதிசெய்ய, மருந்துக் கடைக்குச் செல்லுமுன் இலையைக் கையில் எடுத்துக் கண்ணாற் பாருங்கள். ஐயம் நீங்காவிடின் அவ்விலையையே எம்மிடங் கொண்டுவாருங்கள்.