யானை நடந்த எல்லையும் குண்டு விழுந்த எல்லையும்

(பிரம்மதேசத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவிலிருந்து)



இந்த ஊரின் பெயரே ஓர் அரசியல் ஆவணம். பிரம்மதேசம் என்ற பெயருக்குள் இருப்பது பிரம்மதேயம்; அதாவது அரசன் அந்தணருக்கு விட்ட நிலம். அப்படிக் கொடுத்த நிலத்துக்குச் சோழர் காலத்தில் எல்லை எப்படிக் குறித்தார்கள்? பெண் யானையை நடக்கவிட்டு. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோதும் அதுதான் முறை. பிடி முன்னே நடந்தது, நாட்டார் கூடவே நடந்தார்கள், கல்லும் கள்ளியும் நட்டார்கள், பிறகு செப்பேட்டில் கையெழுத்திட்டார்கள். இதைப் பிடிசூழ்தல் என்பார்கள்.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டு கழித்து, இங்கிருந்து அதிகத் தூரமில்லாத தேவனாம்பட்டினத்தில் வேறொரு வகையில் எல்லை போட்டார்கள். அந்தக் கதைக்கு நம்மை அழைத்துப் போகிறவர் சி. எஸ். சீனிவாசாச்சாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த அவர் எழுதிய செஞ்சி வரலாறு 1943இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தேசிங்கு ராஜன் கதை கேட்கலாம் என்று வந்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவன் மாண்டது 1714இல். எனக்கு வேண்டியது அதற்குக் கால் நூற்றாண்டு முந்தைய செஞ்சி.

1689இல் மராட்டிய அரசர் சாம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின் அவருடைய தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டான். செஞ்சியின் ராஜகிரி ஏறமுடியாத மலைதான், ஆனால் மலை படைக்குச் சம்பளம் கொடுக்காது. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர் ஆங்கிலக் கும்பினிக்கு விற்றார்கள். கோட்டையோடு சுற்றுப்புறமும் சேர்த்தி. எவ்வளவு சுற்றுப்புறம்? பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரனையும் அனுப்பினார்கள். எவ்வளவு தூரம் எட்டவைப்பது என்பது சுடுகிறவனின் கைத்திறன் என்று கடிதத்திலேயே எழுதிக்கொண்டார்கள். செப்டம்பரில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். கடலூரும் அந்த வட்டத்துக்குள் வந்தது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. வாங்கிய கோட்டைதான் புனித டேவிட் கோட்டை.

ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால அரசியலை எழுதுகிறவர்களுக்கு பிளாரன்ஸ், வெனிஸ் தூதர்களின் கடிதங்கள் பெரிய புதையல். நமக்கு அந்த இடத்தில் இருப்பவை வணிகர் கடிதங்கள். சீனிவாசாச்சாரியின் உழைப்பு இங்கேதான் தெரிகிறது. சென்னைக் கோட்டைப் பதிவுகள், புதுச்சேரியில் இருந்த பிரான்சுவா மார்த்தேனின் குறிப்புகள், பாதிரிமார் கடிதங்கள் என்று பல கை மாறிய சரக்கை வைத்துக்கொண்டு நாள்வரிசை பிடிக்கிறார். கூடவே, மெக்கன்சியின் சுவடிச் சேகரிப்பில் உள்ள, நாராயண பிள்ளை தமிழில் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திர’த்தையும் சான்றாக எடுத்துக்கொள்கிறார். அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் பலர் உள்ளூர்க்காரர் எழுத்தைக் கதை என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். யார் எப்போது ஆண்டார் என்பதில் அவருக்கு இருந்த அக்கறை, அந்த ஆட்சி எதன்மேல் நின்றது என்பதில் இல்லை. செஞ்சியை முன்பு ஆண்ட நாயக்கர்களின் ஆட்சியைப் பற்றி அந்தக் கேள்வியை விரிவாக எழுப்பியவர்கள் வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்பிரமணியம் மூவரும். அவர்கள் நூல் வந்தது 1992இல்.

முற்றுகை 1698வரை இழுத்தது. நினைத்திருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம் என்று மொகலாயப் படையோடு இருந்த பீம்சேன் எழுதுகிறார். போர் முடிந்தால் தளபதிக்கு என்ன வேலை? நடுவில் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பிவிட்டார். அத்தனை ஆண்டும் இரண்டு பக்கத்துக் குதிரைக்கும் தீனி போட்டது இந்தச் சீமைதான்.

ஆனைமங்கலத்தில் யானைக்குப் பின்னால் நடந்தவர்களின் பெயர்கள் செப்பேட்டில் இருக்கின்றன. தேவனாம்பட்டினத்துக் கடிதங்களில் பீரங்கி இருக்கிறது, விலை இருக்கிறது. குண்டு வந்து விழுந்தபோது வயலில் நின்றவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.