சேற்றுக் கரையின் விருந்தாளிகள்

மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர்க்குச் சிவ்டி தொலைதூரமன்று. வடாலாவை அடுத்த ரயில் நிலையம். ஆயினும் அதன் கிழக்கே, கண்டல் மரங்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் சேற்றுக் கரையைக் கண்டவர் நம்முள் மிகச் சிலர்.

நாங்கள் முதன்முறை சென்றபோது ஏமாந்தே திரும்பினோம். நீர் முற்றும் வடிந்திருந்தது. எங்கும் சேறு, பறவைகளோ வெகு தொலைவில் வெறும் புள்ளிகள். பிழை எங்களுடையதே. ஓதம் ஏறும் வேளையறிந்து செல்லவேண்டும். நீர் உயர உயர, புழுவும் சிறு நண்டும் தேடி மேயும் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்குகின்றன. அசையாது அமர்ந்திருப்போர்க்கு அவை தாமே அருகில் வரும்.

ஆவணி, புரட்டாசியில் உள்ளான் இனங்கள் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்றைமட்டும் சொல்வோம். மூக்கின் நுனி கீழ்நோக்கி வளைந்த சிற்றுள்ளான் அது. வடதுருவத்தை அடுத்த சைபீரிய வெளியில் முட்டையிடுவது. மார்பில் செங்கல் நிறம் இன்னும் மங்காத மூத்த பறவைகளே முதலில் வருவன. சில வாரங்கள் கழித்து, முதுகில் செதில்போன்ற கோலமுடைய இளம் பறவைகள் வருகின்றன. பெற்றோர் முன்னரே புறப்பட்டுவிட்டமையால் இவை வழி காட்டுவாரின்றியே வருகின்றன! நம் கோடியக்கரை உப்பளங்களிலும் இதே இனம் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

பூநாரைகள் பின்னரே வரும். அவற்றைக் காண ஊரே திரளும், நாம் புகழவேண்டியதில்லை.

இரவில் வராந்தா விளக்கையும் கவனியுங்கள். அரளியிலும் நந்தியாவட்டையிலும் புழுவாக வளர்ந்த பெரிய பச்சை விட்டில் ஒன்று வரக்கூடும். இதன் இனம் கோடையில் ஐரோப்பாவின் வடபகுதிவரை பறந்து செல்லவல்லது. அத்தகையதும் நம் விளக்கைச் சுற்றிச் சுற்றிச் சோர்ந்து, விடியலில் பல்லிக்கு இரையாகிறது. ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். சற்றுநேரத்தில் அது போய்விட்டது.

சேற்றுக்கு அவ்வாறு எளிய வழியில்லை. தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. சிவ்டி அதற்கு வெளியே நிற்கிறது. 2024 சனவரியில் திறக்கப்பட்ட நெடும்பாலம் இக்கரையிலிருந்தே புறப்படுகிறது. சேற்றைப் பாழ்நிலமென்று கருதித் தூர்ப்பவர்கள், பங்குனி சித்திரையில் வடக்கே திரும்பவேண்டிய பறவை அதற்கான கொழுப்பை இங்குதான் சேர்க்கிறது என்பதை எண்ணுவதில்லை.

செல்வோர் ஓத அட்டவணையைப் பார்த்து, உயர் ஓதத்திற்கு இரண்டு மணி முன்னதாகவே போய்விடுக. தொலைநோக்கி இருந்தால் நன்று. சேற்றில் மட்டும் இறங்கவேண்டா, முழங்கால்வரை புதையும்.