பழைய பெட்டியும் புதிய கருவியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. வீட்டில் இருக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு, புதிதாக வந்த படக்கருவி ஒன்றை இணைப்பது எப்படி என்பதே அது. இதற்கு வானொலியில் ஒரு பேச்சு வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஆனால் இந்தச் சிறு இணைப்புத் தெரியாத காரணத்தால், நல்ல நிலையில் உள்ள பெட்டிகள் பரணுக்குப் போவதையும், பிள்ளைகளின் பாடம் தடைப்படுவதையும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் நான் கண்டிருக்கிறேன். ஆகவே இது சிறிய விஷயம் அன்று.

முதலில், இந்தப் பெட்டி நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு டில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு அது 1975-இல் வந்தது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு ஏற்பட்டது. எனினும் நம் மாவட்டத்து ஏழை எளியவர் வீடுகளில் பெட்டி நுழைந்தது, 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தினால்தான். பதினான்கு அங்குலத் திரை கொண்ட அந்தப் பெட்டிகள், ஐந்து ஆண்டுகளுக்குள் மாநிலமெங்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சென்றன. அவற்றுள் பல இன்றும் பழுதின்றி ஒளிர்கின்றன. பெட்டி மாறவில்லை, அதற்குப் படம் கொண்டுவரும் வழிதான் மாறிவிட்டது. கூரைமேல் நின்ற ஆண்டெனாவுக்குப் படம் அனுப்பிய தூர்தர்ஷனின் பழைய வானலை நிலையங்கள் 2022-ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலும் ஓய்வு பெற்றன. கேபிள் வழியும் செட்டாப் பெட்டி இன்றிப் படம் தருவதில்லை. எனவே இப்போது இணைப்பே முக்கியம்.

இனி இணைக்கும் முறைக்கு வருவோம். பழைய பெட்டியின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய நிறங்களில் வட்டத் துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு உரியது. வெள்ளை இடப்புற ஒலிக்கும், சிவப்பு வலப்புற ஒலிக்கும் உரியவை. ஒரே ஒலிபெருக்கி உடைய சிறிய பெட்டிகளில் சிவப்பு இராது. அங்கே வெள்ளை ஒன்றே போதும். இவ்வகைச் சொருகியை முதலில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க வானொலி நிறுவனம். கிராமபோனை வானொலிப் பெட்டியோடு இணைப்பதற்காகப் பிறந்த சொருகி அது! ஆகவே, வானொலியில் அதைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

செட்டாப் பெட்டியிலும், டி.வி.டி. கருவியிலும் இதே நிறத் துளைகள் பெரும்பாலும் உண்டு. இரண்டையும் மின்சாரத்திலிருந்து துண்டித்துவிட்டு, நிறத்துக்கு நிறம் சொருக வேண்டும். சில பெட்டிகளில் உள்வரும் துளைகள், வெளிச்செல்லும் துளைகள் என இரு வரிசைகள் இருக்கும். கருவியில் 'அவுட்' என்று எழுதிய துளையிலிருந்து புறப்படும் கம்பி, தொலைக்காட்சியில் 'இன்' என்று எழுதிய துளையில் போய்ச் சேர வேண்டும். வாய்க்காலில் நீர் எப்பக்கத்திலிருந்து எப்பக்கத்துக்குப் பாய்கிறது என்று உழவர் முதலில் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும். பிறகு ரிமோட்டில் 'ஏ.வி.' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். சரியாகச் சொருகியும் திரை வெறும் நீலமாகவே இருந்தால், அந்தப் பொத்தான் அழுத்தப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள். ஒலி வந்து படம் வராவிட்டால் மஞ்சளை முதலில் சோதியுங்கள்.

நிறத்துளைகளே இல்லாத, இன்னும் பழைய பெட்டிகளும் உண்டு. அவற்றுக்கு ஆண்டெனாத் துளை ஒன்றுதான் வாசல். 1980-களில் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாடகைக்கு 'டெக்' எடுத்து, விடிய விடியப் படம் போட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கருவி, தன் படத்தை ஒரு சிறு ஒளிபரப்பு நிலையத்தைப் போல அலையாக மாற்றி, ஆண்டெனாத் துளை வழியே அனுப்பியது. பெட்டியில் ஒளிபரப்பு ஏதும் வராத ஓர் எண்ணைத் தேர்ந்து அதில் படத்தைப் பிடித்தோம். அந்த வேலையைச் செய்யும் 'ஆர்.எஃப். மாடுலேட்டர்' என்ற சிறு கருவி தனியாகவும் உண்டு. அதைக் கொண்டு அத்தகைய பெட்டியையும் இன்று பயன்படுத்தலாம்.

கடினமான பகுதி இனிமேல்தான். மடிக்கணினி முதலிய புதிய கருவிகள் பலவற்றில் இந்த நிறத்துளைகள் இல்லை. எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான துளை ஒன்றே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் வகுக்கப்பட்ட முறை அது. இதற்கும் பழைய பெட்டிக்கும் உள்ள வேற்றுமை, துளையின் வடிவத்தில் மட்டும் இல்லை. பழைய பெட்டி, ஒளியின் ஏற்ற இறக்கத்தையும் நிறத்தையும் ஒரே மின்னலையாக மஞ்சள் கம்பியில் எதிர்பார்க்கிறது. விநாடிக்கு இருபத்தைந்து முழுப் படங்களை, ஒவ்வொன்றும் 625 வரிகள் என்ற கணக்கில் தீட்டுகிறது. புதிய கருவியோ, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாக மாற்றி எண்களையே அனுப்புகிறது. ஒன்று பேசும் மொழி மற்றொன்றுக்குத் தெரியாது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி, அப்போது வகுப்பறையின் இடத்தை ஏற்றது. அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் பாடங்கள் வந்தன. இணையமும் கைப்பேசியும் இல்லாத வீடுகளில், அந்தப் பதினான்கு அங்குலப் பெட்டியே ஆசிரியராயிற்று. மேல் வகுப்பினர் மடிக்கணினியில் பாடங்களைப் பதிந்து வைத்தும் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பாட்டியும் இரு பேரப் பிள்ளைகளும் வசித்த வீட்டில், மடிக்கணினியின் திரை உடைந்துவிட்டது. உள்ளே பாடங்கள் பத்திரமாக இருந்தன, பார்க்கத்தான் வழியில்லை. ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ. சொருகியும், மறு முனையில் மூன்று நிறச் சொருகிகளும் கொண்ட வெறும் கம்பி ஒன்றைக் கடைக்காரர் விற்றிருந்தார். படம் வரவில்லை. "டி.வி. போச்சு சார், தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்றார் பாட்டி. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

"பாட்டி, தபால்காரர் உங்களுக்கு இந்தியில் எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதைப் படிக்க முடியுமா?" என்று கேட்டேன். "அது எப்படி முடியும்? தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும்" என்றார். வெறும் கம்பி, தபால்காரரைப் போன்றது, கொண்டுசேர்க்கும், மொழிபெயர்க்காது. நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 'எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி. கன்வெர்ட்டர்' என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டிதான் அந்த மொழிபெயர்ப்பாளர். விலை சில நூறு ரூபாய். அதை வாங்கி மாட்டியவுடன், கணக்குப் பாடம் திரையில் தெரிந்தது. அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் நன்கு அறிவேன். பூட்டிய பள்ளி திறந்ததைக் கண்ட மகிழ்ச்சி அது.

அதை வாங்கும்போது நான்கு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து ஏ.வி.-க்கு மாற்றுவதையே கேளுங்கள். எதிர்த்திசையில் மாற்றும் கருவியும் அதே தோற்றத்தில் இருக்கும், அது பயன்படாது. இரண்டாவது, அதற்குத் தனியே மின்சாரம் கொடுக்க வேண்டும். மூன்றாவது, அதில் 'பால்', 'என்.டி.எஸ்.சி.' என்று ஒரு சிறு விசை இருந்தால், நம் நாட்டு முறையாகிய 'பால்' பக்கமே தள்ளுங்கள். தவறினால் படம் நிறமிழந்தோ உருண்டோ தெரியக்கூடும். நான்காவது, புதிய படங்கள் அகலமானவை. பழைய திரையோ நான்குக்கு மூன்று என்ற அளவினது. எழுத்துகள் நெருங்கித் தெரிந்தால், கருவியின் அமைப்பில் திரை அளவை மாற்றிப் பாருங்கள். மிகச் சிறிய எழுத்துகள் இத்திரையில் தெளிவாக இரா. கரும்பலகைப் பாடத்துக்கு அது பெருந்தடை அன்று.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்த நிலையிலும் பெட்டியின் முதுகைத் திறவாதீர்கள். கண்ணாடிக் குழாய் கொண்ட பெட்டிக்குள் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் உண்டாகிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது சில நேரம் தங்கியிருக்கலாம். இணைப்புக்கு வேண்டியவை யாவும் வெளியிலேயே இருக்கின்றன. உண்மையாகவே பழுதான பெட்டியையும் கண்மாய்க் கரையில் எறியலாகாது. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. மின்கழிவு சேகரிப்போரிடம் அதை ஒப்படைப்பதே முறை.

இவ்வளவும் படித்தவர்களுக்கு உரிய வேலை, நமக்கு எதற்கு என்று தாய்மார்கள் ஒதுங்க வேண்டியதில்லை. 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்கள் கற்றார்கள். கல்குவாரியில் உழைத்தவர்களும், வயல் வேலை செய்தவர்களும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஏறினார்கள். சிலர் நகைத்தார்கள், அவர்கள் நிறுத்தவில்லை. இறக்கிவிடவும் ஏற்றிவிடவும் ஆண்துணை தேடிய நிலை அதனால் மாறிற்று. மிதிவண்டியை வசப்படுத்திய கைகளுக்கு மூன்று நிறச் சொருகிகள் எம்மாத்திரம்?

புதியதை வாங்க வசதியுள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். வசதியில்லாதவர்களோ, பெட்டி பழையது என்பதற்காகப் பிள்ளையின் பாடத்தை இழக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், நாளைக்கே சென்று அந்தப் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். இணைத்துக் கொடுப்பதோடு நில்லாமல், அந்த வீட்டுப் பிள்ளையின் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டச் செய்யுங்கள். அடுத்த வீட்டுக்கு அந்தப் பிள்ளையே போய்ச் சொல்லிக் கொடுக்கும்.