கிளைவின் மகரகண்டியும் காஞ்சியின் கணக்கும்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவு எந்த ஆசிரியரின் நினைவாக நடக்கிறதோ, அவர் வரலாற்று வகுப்பில் மன்னர் பட்டியலை ஒப்பிக்கச் சொல்லமாட்டார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘இதை எழுதி வைத்தது யார்? எப்போது எழுதினார்?’ என்றுதான் கேட்பாராம். புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. நான் பழிபட்டவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு டில்லிக்கும் லண்டனுக்கும் போக வேண்டியதில்லை. அவர்களில் பலர் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தவர்கள், இந்த ஊரைத் தாக்கியவர்கள், இந்த ஊர்க் கோயிலுக்குக் கொடுத்தவர்கள்.

முதலில் ஒரு தூண். கயிலாசநாதர் கோயில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. அங்கே மண்டபத் தூண் ஒன்றின் பின்புறத்தில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்தபோது வெட்டுவித்தது. ஊரைப் பிடித்தேன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டேன், அதை எடுக்காமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்பது அதன் செய்தி. படையெடுத்து வந்தவன் தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்று இது. அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவன் போன பிறகு நந்திவர்ம பல்லவன் இதே ஊரிலிருந்து பல பத்தாண்டுகள் ஆண்டான். பகைவனின் எழுத்தைச் செதுக்கி எறிய அவனுக்கு உளி கிடைக்காமல் போயிருக்காது. எறியவில்லை. எழுத்து இன்றும் இருக்கிறது.

விக்கிரமாதித்தனுக்கு வஞ்சம் இருந்ததற்குக் காரணமும் உண்டு. அவனுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 642இல், நம்முடைய முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். ‘வாதாபி கொண்டான்’ என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் படையின் தளபதி பரஞ்சோதி வாதாபியைத் துகளாக்கினார் என்று பெரியபுராணம் பாராட்டுகிறது. அவரே பின்னர் சிறுத்தொண்ட நாயனார். வாதாபியில் வீடு இழந்தவன் அவரை என்ன பெயரிட்டு அழைத்திருப்பான்? கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்த நமக்கு, வாதாபியை ஆண்ட புலிகேசி என்றாலே கொடியவன். கர்நாடகத்தில் அவன் பெருவீரன். ஒருவரைப் பழிகாரராக்குவதில் அவர் செய்த செயலுக்குப் பாதிப் பங்கு, சொல்பவர் எந்த ஊரில் நிற்கிறார் என்பதற்குப் பாதிப் பங்கு.

மகேந்திரவர்மன் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அப்பரை நீற்றறையில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான் என்பது சைவ மரபு சுமத்தும் பழி. பிறகு அவனே மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது அதே மரபு தரும் புகழ். சமணர் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இடம் மாறிவிடும். பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். அரசன் வாழ்ந்ததோ 7ஆம் நூற்றாண்டு. நடுவே ஐந்நூறு ஆண்டு. நூலில் மகேந்திரவர்மன் என்ற பெயரே கிடையாது. குணபரன் என்ற பட்டப்பெயரை வைத்து அறிஞர்கள் பொருத்திச் சொன்னதுதான். அந்த மனிதன் தன் கையால் எழுதியதாக நமக்குக் கிடைப்பது ‘மத்தவிலாசப் பிரகசனம்’. இதே காஞ்சித் தெருவில் காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் பாசுபதனையும் சண்டையிட வைத்துச் சிரிக்கும் நாடகம். எல்லாச் சமயத்தாரையும் கிண்டல் செய்யத் தெரிந்தவன் ஒரு துறவியை நீற்றறையில் போட்டிருப்பானா? கிண்டல் எழுதுபவர்கள் கொடுமை செய்வதில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் ஐந்நூறு ஆண்டுக்குப் பின் எழுதிய ஒரே சாட்சியை வைத்துத் தண்டனை கொடுக்கவும் மாட்டேன்.

இனி ராபர்ட் கிளைவ். இவர் விஷயத்தில் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் இன்றைய பேச்சில் பெரும்பகுதி இவருக்கு.

1744இல் சென்னைக்கு எழுத்தராக வந்த இளைஞர். 1751 ஆகஸ்டில், 26 வயது நிரம்பாதபோது, சுமார் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து காஞ்சி வழியாக ஆற்காட்டுக்குப் போனார். பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் அவரைக் கோட்டைக்குள் வைத்து ஐம்பது நாள் முற்றுகையிட்டான். இருந்த சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு நம் சிப்பாய்கள் கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள் என்ற கதையைப் பழைய பாடநூல்கள் விரும்பிச் சொல்லும். கிளைவின் பெயர் நிலைத்தது. கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயரும் அந்தப் பாடநூல்களில் வரவில்லை.

முற்றுகை விலகி ஆரணியில் வென்ற பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் கிளைவ் காஞ்சிக்கு வந்தார். இங்கே பெரிய கோயில் ஒன்றைப் பிரெஞ்சுத் தரப்பினர் கோட்டையாக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இரண்டு ஆங்கில அதிகாரிகள் அவர்களிடம் கைதிகள். தாக்கினால் இவர்களை மதில்மேல் நிறுத்துவோம் என்று அந்தக் கைதிகளைக் கொண்டே கடிதம் எழுத வைத்தார்கள். எங்களை எண்ணித் தாக்குதலை நிறுத்த வேண்டாம் என்று அவர்கள் சேர்த்து எழுதினார்கள். சென்னையிலிருந்து பீரங்கி வந்தது. கோயில் மதிலின்மேல் குண்டு விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் கைதிகளை விட்டுவிட்டு இரவோடு இரவாக ஓடினார்கள். ஊர் வீடுகளில் அன்றிரவு எப்படிக் கழிந்தது என்று எந்த ஆங்கிலேயரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கிளைவின் பெயரில்தான் சின்ன காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாளுக்கு மகரகண்டி என்ற நகை ஒன்று இருக்கிறது. சிறப்பு நாள்களில் பெருமாள் அதை அணிந்துகொள்கிறார். கிளைவ் நோயுற்றிருந்தபோது கோயில் தீர்த்தம் பருகிக் குணமடைந்து, நன்றியாக நகையைக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கருடசேவையைக் கண்டு மயங்கிக் கழற்றிக் கொடுத்தார் என்றும் சொல்வதுண்டு. கிளைவின் மகன் எட்வர்டு 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். அவரும் லார்டு கிளைவ்தான். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நகையின் வரலாற்றை எழுதக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனாலும் தந்தையே கொடுத்தார் என்று மரபின்படியே வைத்துக்கொள்வோம். கொடுத்தவர் யார்?

1757 ஜூன் 23, பிளாசி. அதற்கு முன்பே வங்காள நவாபின் தளபதி மீர் ஜாபருடன் ரகசிய ஒப்பந்தம். அதை வெளியிடாமல் இருக்க உமிசந்த் என்ற வணிகர் பங்கு கேட்டார். கிளைவ் இரண்டு ஒப்பந்தம் தயாரித்தார். வெள்ளைத் தாளில் உண்மையானது. சிவப்புத் தாளில் உமிசந்தை ஏமாற்றுவதற்கானது. பொய்த் தாளில் கையெழுத்திட அட்மிரல் வாட்சன் மறுத்தார். அவர் பெயரை வேறொருவர் எழுதினார். இதைக் கிளைவ் பின்னாளில் நாடாளுமன்றக் குழுவின் முன் மறைக்கவில்லை. மறுபடியும் செய்வேன் என்ற பொருள்படவே பேசினார். பிளாசிக்குப் பின் அவர் கைக்கு வந்தது 2,34,000 பவுன். அதற்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன் வருமானம் தரும் ஜாகீர். 1765இல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி தண்டும் உரிமை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1770இல் அங்கே பெரும் பஞ்சம். மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டார்கள் என்பது அக்கால அதிகாரிகளின் மதிப்பீடு. மக்கள் செத்தார்கள், வரி மட்டும் குறையவில்லை. நேர்மையாகச் சொன்னால், கிளைவ் 1767லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். பஞ்சத்தை அவர் தலையில் முழுதாகக் கட்ட முடியாது. ஆனால் வரி தண்டும் பொறியை நிறுவியவர் அவர்.

பட்டு நெய்யும் ஊரில் பேசுவதால் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் நெசவாளிகளின் கட்டை விரலை வெட்டினான் என்று நாம் எல்லோரும் மேடையில் கேட்டிருக்கிறோம். அதன் மூலம் 1772இல் வில்லியம் போல்ட்ஸ் எழுதிய நூல். அதில் இருப்பது வேறு. கம்பெனி ஆட்கள் வற்புறுத்தி வேலை வாங்கியதைத் தாங்காமல், வங்காளத்தில் கச்சாப் பட்டு நூல் சுற்றுபவர்கள் தங்கள் கட்டை விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்கிறார் அவர். போல்ட்ஸும் கம்பெனியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, பின் கம்பெனியால் நாடு கடத்தப்பட்டவர். அவருக்கும் வஞ்சம் இருந்தது. அதையும் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் எண்ணிப் பாருங்கள். வெட்டினான் என்ற கதையைவிட, வெட்டிக்கொண்டார்கள் என்ற பதிவு எவ்வளவு கொடியது! முன்பணம் வாங்கிய கை வேறு எவருக்கும் நெய்யக் கூடாது என்றால் என்ன ஆகும் என்று இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழிபட்டவர் மீது புதுப் பழி கட்டிவிட வேண்டிய தேவை நமக்கு இல்லை. உள்ள பழியே போதும்.

கிளைவை அவருடைய நாடே விசாரித்தது. 1773 மே மாதம் பிரிட்டிஷ் கீழவை, அவர் 2,34,000 பவுன் பெற்றதைத் தீர்மானமாகப் பதிந்தது. கூடவே, நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்றும் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 22 அன்று லண்டன் வீட்டில் அவர் இறந்தார். பிறந்த வட்டாரத்தில், மோர்ட்டன் சே கிராமத் தேவாலயத்தில், அடையாளக் கல் இல்லாமல் புதைத்தார்கள். அவமானப்பட்டுப் போனவருக்குப் பின்னாளில் சிலை வந்தது. ஷ்ரூஸ்பரியில் 1860இல் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒன்று. 2020இல் அவற்றை அகற்றச் சொல்லிப் பல ஆயிரம் பேர் மனு கொடுத்தார்கள். ஷ்ரூஸ்பரி சிலையை வைத்துக்கொள்வதென்று உள்ளூர் மன்றம் முடிவு செய்தது.

நம் ஊர் நகையை என்ன செய்வது? கழற்றி எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெருமாளுக்குச் சேர்ந்த பொருள் பெருமாளுடையது. ஆனால் ‘கிளைவ்கூட நம் வரதரிடம் பணிந்தான் பார்’ என்று பெருமைப்படுவது எனக்கு ஒப்பவில்லை. கோயிலுக்குக் கொடுப்பது அக்காலத்தில் ஆட்சியுரிமையைக் காட்டும் வழி. பல்லவன் கொடுத்தான், சோழன் கொடுத்தான், விஜயநகரத்தார் கொடுத்தார்கள். அவர்கள் இடத்துக்கு வர விரும்பிய கம்பெனிக்காரரும் கொடுத்தார். பக்தியும் இருந்திருக்கலாம், யார் கண்டது. கொடை குணத்துக்குச் சாட்சி ஆகாது.

கலெக்டர் பிளேஸ் துரையைப் பாருங்கள். 1794 முதல் 1798 வரை கம்பெனி ஜாகீரை, அதாவது நம் செங்கல்பட்டுச் சீமையை, நிர்வகித்தவர். வரதருக்கு அவரும் நகை கொடுத்திருக்கிறார். மதுராந்தகம் ஏரிக்கரையில் ராமலட்சுமணரைக் கண்டார் என்று அங்குள்ள கோயிலின் தாயார் சந்நிதிக் கதை சொல்கிறது. அதே மனிதர் வரியை ஏற்றியவர், மிராசுதாரர்களோடு மோதி அவர்கள் உரிமையைப் பறிக்கத் துணிந்தவர். ஏரியைச் செப்பனிட்டார் என்பதும் உண்மை. ஏரி நிறைந்தால் வரி நிறையும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மைசூரை ஆண்ட ஹைதர் அலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1780 செப்டம்பர் 10 அன்று இங்கிருந்து எட்டும் தூரத்தில் உள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சியில் காத்திருந்த ஆங்கிலத் தளபதி மன்ரோ, பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றி ஓவியமாக இருக்கிறது. ஆங்கிலேயரை வென்றார் என்று நாம் மகிழலாம். அவருடைய குதிரைப்படை எரித்த ஆற்காட்டுச் சீமை ஊர்களில் இருந்தவர்கள் நம் மூதாதையர் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, பழிபடாத ஒருவர். ஔரங்கசீப்பின் படைக்கு அஞ்சி 1688 வாக்கில் காஞ்சி உற்சவ மூர்த்திகளை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்து நீங்கிய பின்னும் அங்குள்ள பாளையக்காரர் வரதரைத் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தார். அத்தான் ஜீயர் வேண்டுகோளின்பேரில் படையோடு போய் 1710இல் மீட்டு வந்தவர் லாலா தோடர்மால். அவர் யாருடைய தளபதி? முகலாயரின் கர்நாடக நவாப் சாதத்துல்லா கானுடைய தளபதி. எந்த அரசுக்கு அஞ்சிப் பெருமாள் ஊரை விட்டாரோ அந்த அரசின் தளபதியே அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். கல்வெட்டும் இருக்கிறது, தோடர்மால் குடும்பத்தோடு நிற்கும் சிலையும் வரதர் கோயிலில் இருக்கிறது. இந்தப் பக்கம் நல்லவர், அந்தப் பக்கம் கெட்டவர் என்று கோடு போட்டு வரலாறு சொல்பவர்கள் ஒருமுறை அந்தச் சிலையின் முன் நிற்கட்டும்.

கிளைவைப் பற்றிய என் தீர்ப்பை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். துணிவுள்ளவர், திறமைசாலி, கொள்ளைக்காரர். மூன்றில் எதையும் மற்றொன்று அழிக்காது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாளுக்கியன் தூண், தோடர்மால் சிலை, புள்ளலூர்ப் போர்க்களம், மகரகண்டி என்று இந்த ஊரில் பழியும் கொடையும் கலந்து கிடக்கும் சான்றுகளை ஒரு சிறு நூலாகத் தொகுத்துத் தாருங்கள். ஒவ்வொன்றுக்கும் படம், ஆண்டு, எழுதியவர் யார் என்ற விவரம் வேண்டும். கல்வெட்டாக இருந்தால் தமிழாக்கமும் வேண்டும். மரபுக் கதையாக இருந்தால் மரபுக் கதை என்றே போடுங்கள். கிளைவின் பக்கத்தில் தீர்த்தம் பருகிய கதையை விட்டுவிட வேண்டாம். அதற்குக் கீழேயே சிவப்புத் தாள் ஒப்பந்தத்தையும் 2,34,000 பவுனையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். அச்சுச் செலவை ஏற்க அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் முன்வர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.