காற்றுக்கு வேலி இல்லை
(லிங்கநகர்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உண்ணும் சோறு கெட்டிருந்தால் ஒதுக்குகிறோம். குடிக்கும் நீர் கலங்கியிருந்தால் வடிக்கிறோம். சுவாசிக்கும் காற்றை அவ்வாறு தேர்ந்தெடுக்க எவரால் முடியும்? ஆதலாலேயே காற்றைக் கெடுப்பது பொதுக் குற்றம் என்கிறோம்.

கொட்டியாரக் குடாவின் அக்கரையிலே, சம்பூரில், 500 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 2013ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டன. நிலக்கரி எரிந்தால் எழுவது வெறும் புகையா? கந்தக ஈரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள், பாதரசம், பறக்கும் சாம்பல் ஆகிய யாவும் எழுகின்றன. அத்தூசியின் மிக நுண்ணிய துகள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே. அதை மூக்கு தடுக்காது. நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கும். இளைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் ஆகியன அதன் விளைவுகள். 1952 டிசெம்பரில் இலண்டன் மாநகரை ஐந்து நாள் மூடிய கரிப்புகை, ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது.

சம்பூர்த் திட்டத்தை மக்கள் எதிர்த்தனர், வழக்கும் எழுந்தது. 2016 செப்டெம்பரில் அது கைவிடப்பட்டதென உயர் நீதிமன்றத்தில் அரசு அறிவித்தது. நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது முறையே.

ஆயினும் நண்பர்களே, நுரைச்சோலையை மறந்துவிட்டோமா? புத்தளம் மாவட்டத்தில் உள்ள அந்த 900 மெகாவாட் நிலையமும் நிலக்கரியையே எரிக்கிறது. கரித்தூளும் சாம்பலும் வீட்டிலும் தோட்டத்திலும் படிவதாக அவ்வூர் மக்கள் முறையிட்டுள்ளனர். அங்கு பிறக்கும் மின்சாரம் நம் வீட்டு விளக்குக்கும் வருகிறது. ஒளி நமக்கு, சாம்பல் அவர்களுக்கு என்பது நீதியாகுமா? நம் கரைக்கு ஆகாதது அவர்கள் கரைக்கு மட்டும் ஆகுமா?

நம் தெருவையும் பார்ப்போம். குப்பையோடு பிளாத்திக்கையும் சேர்த்துக் கொளுத்துகிறோம். புகைபோக்கி இல்லாத அடுப்படியிலே நம் தாய்மார் நாள்தோறும் விறகுப் புகையை விழுங்குகின்றனர். அந்தப் புகையிலும் இருப்பது அதே நுண்துகளே. அந்நியன் மூட்டினால் நஞ்சு, நாம் மூட்டினால் சாம்பிராணியா?

எனவே நாம் வேண்டுவன மூன்று. புகைக்கூண்டு உள்ள இடமெங்கும் காற்றை அளந்து, அளவை மக்கள் அறிய வெளியிடுக! குப்பையை எரியாமல் அகற்ற வழி செய்க! ஏழையின் அடுப்படிக்குப் புகைபோக்கி அமைக்க உதவுக!

முதல் இரண்டையும் அரசிடமும் நகராட்சியிடமும் கேட்போம். மூன்றாவதை இன்றே நம் வீட்டில் தொடங்குவோம். காற்றுக்கு வேலி இல்லை. நம் அக்கறைக்கும் வேலி வேண்டாம்!