கட்டியை எடுத்தாச்சு, அடுத்த ஸ்கேன் எப்போ?

நான் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற டாக்டர். மூளையில் கட்டி என்றதும் வீடே இடிஞ்சு உட்கார்ந்துவிடும். பயாப்ஸி வந்து, "கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான்" என்று நாங்கள் சொன்னதும் குடும்பத்தோடு போய் மொட்டை போட்டுவிட்டு வருவாங்க. சந்தோஷம்தான். ஆனா அந்த "சாதாரணம்" என்கிற வார்த்தைதான் பல பேரை ஏமாத்திவிடுகிறது.

ஒரு அம்மா, தையல் வேலை செய்கிறவங்க. மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் வளரும் மெனிஞ்சியோமா கட்டிக்கு ஆபரேஷன் ஆச்சு. இரண்டு வருஷம் ஸ்கேனுக்கு வந்தாங்க, அப்புறம் வரவே இல்லை. நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு என்று விட்டுட்டாங்க. பதினோரு வருஷம் கழிச்சு ஊசியில் நூல் கோர்க்க முடியலை. வயசாச்சு என்று இரண்டு தடவை கண்ணாடி மாத்தியிருக்காங்க. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தா, பழைய இடத்திலேயே கட்டி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்திக்கிட்டு இருக்கு. மறுபடியும் ஆபரேஷன். இடது கண் தப்பிச்சுது. வலது கண்ணில் போன பார்வை திரும்பலை. முதல் ஆபரேஷனில் எவ்வளவு எடுத்தாங்க, எவ்வளவு விட்டாங்க என்று பார்க்கலாம் என்றால், வீடு மாறும்போது ஃபைலை எடைக்குப் போட்டாச்சாம்!

அவங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். திரும்ப வரலாம் என்று டாக்டர்கள் நாங்களும் அழுத்திச் சொல்வதில்லை.

மெனிஞ்சியோமாவில் பெரும்பாலானவை கிரேடு 1 வகை, மெதுவாக வளர்பவை. அதனால்தான் பத்துப் பதினைந்து வருஷம் கழிச்சுக்கூடத் தலைகாட்டும். 1957-ல் டொனால்ட் சிம்சன் என்ற மருத்துவர் எழுதிய கணக்கை இன்றைக்கும் நாங்கள் பேசுகிறோம்: கட்டியை அதன் வேரோடு, ஒட்டியிருந்த உறையோடு எடுத்தவர்களில் 100-க்கு 9 பேருக்குத் திரும்ப வந்தது, பாதி எடுத்து மீதி விட்டவர்களில் 40 பேரை ஒட்டி. அப்போது எம்.ஆர்.ஐ. கிடையாது என்பதையும் நினைச்சுக்கோங்க. பாதியில் விடுவது டாக்டரோட சோம்பேறித்தனம் இல்லை. பெரிய ரத்தக்குழாயையோ கண் நரம்பையோ ஒட்டியிருந்தால், வறட்டுப் பிடிவாதமாக எடுக்கப்போய் பக்கவாதம் வரலாம். தெரிஞ்சேதான் விடுகிறோம்.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டே கேள்வி கேளுங்க: முழுசா எடுத்தாச்சா? கிரேடு என்ன? கிரேடு 1 என்றால் ஆபரேஷன் முடிந்த சில மாதங்களில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு ஐந்து வருஷம் வரை வருஷத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்பது பொதுவான வழக்கம். கிரேடு 2, 3 என்றால் இன்னும் நெருக்கமாக. பிட்யூட்டரி கட்டி என்றால் ஸ்கேனோடு ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் உண்டு. சின்னதாகத் திரும்பியிருக்கும்போதே தெரிந்தால், பல பேருக்குக் கதிர்வீச்சிலேயே கட்டுப்படுத்தலாம். கருத்தடை ஊசியோ ஹார்மோன் மாத்திரையோ எடுக்கிற பெண்கள் அதை மறைக்காமல் சொல்லுங்க. சில ஹார்மோன் மருந்துகளுக்கும் மெனிஞ்சியோமாவுக்கும் தொடர்பு இருக்கு.

இப்போ உங்க கையில் இருக்கிற போன். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றையும் இன்றைக்கே ஸ்கேன் பண்ணி, வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வையுங்க. 14 இலக்க ஆபா எண் எடுத்திருந்தால் அதிலும் சேமிக்கலாம். ஃபிலிமை ஜன்னலில் பிடிச்சு எடுத்த போட்டோ எங்களுக்கு உதவாது; ஸ்கேன் சென்டரில் சி.டி. கேட்டு வாங்கி, பத்திரமா வையுங்க. அடுத்த ஸ்கேன் தேதியை காலண்டரில் போட்டு அலாரம் வையுங்க.

செலவு பயமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரிலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேளுங்க.

இன்னொண்ணு, வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், வண்டி ஓட்டும்போது வந்தால் நினைச்சுப் பாருங்க. சரி, கேள்வி இருந்தா கேளுங்க.